தலைக்குள் ஓடும் மின்சாரத்தைத் தாளில் பிடித்தவர்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும் எடிசனைப் பற்றி எழுதலாமா, சர் சி.வி.ராமனைப் பற்றி எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். அவங்களைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்காங்க. அதனால் நம்மில் பலர் பெயரைக்கூடக் கேட்டிராத ஒருவரை எடுத்துக்கொண்டேன். மருத்துவ உலகில் அவர் பெயர் தெரியாதவர் இல்லை. ஹன்ஸ் பெர்கர். ஜெர்மனி நாட்டு டாக்டர். மனிதனின் மூளையில் ஓடும் மின்சாரத்தை உலகிலேயே முதன்முதலாகத் தாளில் கோடாக எழுத வைத்தவர். இன்று ஆஸ்பத்திரிகளில் இ.இ.ஜி. என்று ஒரு டெஸ்ட் எடுக்கிறார்களே, அது அவருடைய பிள்ளை.

இவரை ஏன் எடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். என் தம்பிக்கு வலிப்பு உண்டு. ஊரில் எல்லாரும் கையில் இரும்புச் சாவியைக் கொடு என்பார்கள், மந்திரித்துக் கயிறு கட்டு என்பார்கள். இரண்டும் செய்து பார்த்தாச்சு. நான் முதலாம் ஆண்டு படிக்கும்போதுதான் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ராத்திரி தூங்க விடாமல் காலையில் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். விடிய விடிய நானும் அம்மாவும் மாற்றி மாற்றி அவனைத் தட்டி எழுப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காலையில் தலை முழுக்க பசை தடவி, ஒயர் ஒயராக ஒட்டி, படுக்க வைத்தவுடன் அடித்துப்போட்டது மாதிரி தூங்கிவிட்டான். ஸ்கிரீனில் கொசகொசவென்று ஓடிய கோடுகள் கொஞ்சம் கொஞ்சமாக நிதானமாகி, பெரிய பெரிய அலையாக மாறின. ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய்விட்டான் என்றார் டெக்னீஷியன் அண்ணன். எத்தனை வோல்ட் அண்ணா என்று கேட்டேன். மைக்ரோவோல்ட் தம்பி என்றார். நம் லேபில் சி.ஆர்.ஓ.வில் மில்லிவோல்ட் சிக்னலைப் பிடிப்பதற்கே நாம் படும் பாடு எனக்குத் தெரியும். இதை முதலில் பிடித்த ஆள் யார் என்று தேட ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

பெர்கர் பிறந்தது 1873ஆம் ஆண்டு மே 21. ஜெர்மனியில் கோபுர்க் நகரை ஒட்டிய நாய்ஸஸ் என்ற சிற்றூர். அப்பா டாக்டர். அம்மா, ஃப்ரீட்ரிஷ் ரூக்கெர்ட் என்ற பெரிய கவிஞரின் மகள். அந்தத் தாத்தா கவிஞர் மட்டுமல்ல, பல கீழ்நாட்டு மொழிகள் கற்றவர். நம்ம நளன் தமயந்தி கதையை ஜெர்மன் மொழியில் பாடியவர் அவர்தான். பெர்கர் வீட்டில் படிப்புக்குப் பஞ்சமில்லை என்று இதிலேயே தெரியும். எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவன் நான்தான் என்பதால் இப்படிப்பட்ட குடும்பங்களைப் பற்றிப் படிக்கும்போது கொஞ்சம் பொறாமை வரத்தான் செய்கிறது. அது கிடக்கட்டும்.

சிறு வயதில் பெர்கருக்கு வானவியல் மேல்தான் ஆசை. பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், சீக்கிரமே விட்டுவிட்டு ஓராண்டு ராணுவப் பயிற்சிக்குப் போனார். அங்கே நடந்த ஒரு சம்பவம்தான் அவர் வாழ்க்கையையே திருப்பிப்போட்டது. வுர்ட்ஸ்புர்க் நகரில் பயிற்சி நடக்கும்போது அவர் ஏறியிருந்த குதிரை மிரண்டு அவரைக் கீழே தள்ளியது. பின்னால் பீரங்கி வண்டி வந்துகொண்டிருந்தது. சக்கரம் ஏறியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். மயிரிழையில் வண்டி நின்றது. அன்று சாயங்காலம் அப்பாவிடமிருந்து தந்தி வருகிறது, நலமா என்று கேட்டு. அதுவரை அப்பா அப்படித் தந்தி அடித்ததே இல்லை. விசாரித்தால், ஊரில் இருந்த அக்காவுக்கு அதே நாளில் தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று மனசில் பட்டு, தந்தி கொடுக்கச் சொல்லி அப்பாவை நச்சரித்திருக்கிறாள்.

நம்ம ஊரில் இப்படி நடந்தால் குலசாமிக்குப் பொங்கல் வைத்துவிட்டு மறந்துவிடுவோம். பெர்கர் மறக்கவில்லை. ஒரு மூளையிலிருந்து இன்னொரு மூளைக்கு ஏதோ ஒரு சக்தி போயிருக்கிறது என்று முடிவு கட்டினார். சக்தி என்றால் அளக்க முடியணும். அதை அளக்க வேண்டும் என்று வானவியலை விட்டுவிட்டு யேனா நகரில் மருத்துவம் படித்தார். 1897இல் டாக்டர் பட்டம். அங்கேயே ஓட்டோ பின்ஸ்வாங்கர் என்பவர் நடத்திய மனநல மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். கடைசி வரை அந்த ஊர், அந்த ஆஸ்பத்திரி. 1919இல் அதற்கே தலைமை டாக்டர் ஆனார். 1927இல் பல்கலைக்கழகத்தின் ரெக்டர் பதவியும் வந்தது.

சொல்லவேண்டியதைச் சொல்லிவிடணும். எண்ணம் கம்பியில்லாமல் பறக்கிறது என்ற அவருடைய நம்பிக்கை தப்பு. நூறு மைக்ரோவோல்ட்டைக்கூட எட்டாத சிக்னல், தலையில் ஒட்டிய ஒயரிலேயே தடுமாறி வருகிறது. அது ஊர்விட்டு ஊர் போகாது. ஆனால் அந்தத் தப்பான நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு அவர் செய்த அளவைகள் எல்லாம் சரியானவை. அவருடைய கணக்கு இப்படி: சாப்பாட்டிலிருந்து மூளைக்கு வரும் சக்தி வெப்பமாக, மின்சாரமாக, மனசின் சக்தியாக மூன்று வழியில் செலவாகிறது. முதல் இரண்டையும் அளந்து கழித்தால் மூன்றாவது கிடைத்துவிடும். எலக்ட்ரிக்கல் படிப்பவர்களுக்குப் புரியும். இன்புட்டில் இருந்து லாஸைக் கழித்து அவுட்புட்டைக் கண்டுபிடிக்கிற வேலைதான்.

முதலில் மூளையில் ரத்தம் பாய்வதை அளந்தார். பிறகு மூளையின் வெப்பத்தை அளந்து 1910இல் புத்தகமே போட்டார். இரண்டிலும் அவர் தேடியது கிடைக்கவில்லை. மின்சாரத்தைத் தேடி 1902லேயே நாய்களின் மூளையில் முயற்சி செய்திருந்தார். தோல்வி. மறுபடி 1907, மறுபடி 1910. தோல்வி, தோல்வி. விலங்குகளின் மூளையில் மின்சாரம் இருக்கிறது என்று இங்கிலாந்தில் லிவர்பூல் நகர டாக்டர் ரிச்சர்ட் கேட்டன் 1875லேயே காட்டிவிட்டார் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே தெம்பு. நடுவில் முதல் உலகப்போர் வந்து, ராணுவ டாக்டராகப் போய் நான்கு வருஷம் போய்விட்டது. 1911இல் உர்சுலா ஃபான் பியூலோ என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். அவர் பெர்கரின் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளராக இருந்தவர்.

இப்போது 1924ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதிக்கு வருவோம். பெர்கருக்கு வயது 51. பதினேழு வயதுப் பையன் ஒருவனுக்கு மூளையில் கட்டியோ என்று சந்தேகப்பட்டு, குலேகே என்ற சர்ஜன் மண்டை ஓட்டில் ஒரு பகுதியை எடுத்திருந்தார். எலும்பு இல்லாத அந்த இடத்தில் எலெக்ட்ரோடு வைத்து, இதயத்தின் மின்சாரத்தை அளக்க உண்டான கால்வனோமீட்டரோடு இணைத்தார் பெர்கர். அதற்குள்ளே மெல்லிய இழை ஒன்று காந்தப்புலத்தில் தொங்கும். கரண்ட் பாய்ந்தால் அசையும். இழை லேசாக அசைந்தது.

ஆகா, கண்டுபிடித்துவிட்டேன் என்று ஊரைக் கூட்டவில்லை அவர். இங்கேதான் அவரை எனக்குப் பிடித்துப்போனது. அந்த அசைவு மூளையிலிருந்துதான் வந்ததா? இதயத் துடிப்பா? தலையில் ஓடும் ரத்தக்குழாயின் அதிர்வா? தசை இழுப்பா? தோலின் சமாசாரமா? எலெக்ட்ரோடு வழுக்கியதா? ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்து, இல்லை இல்லை என்று அடித்துக்கொண்டே வந்தார். ஐந்து வருஷம்! இதயத்தின் சிக்னல் ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட். தலைக்கு வெளியே கிடைக்கும் மூளையின் சிக்னல் அதில் இருபதில் ஒரு பங்கு இருந்தால் பெரிது. லேபில் நம் சர்க்கியூட்டுக்குள் 50 ஹெர்ட்ஸ் ஹம் புகுந்து நாம் தலையைப் பிய்த்துக்கொள்வதை நினைத்துப் பாருங்கள். இவ்வளவுக்கும் பெர்கருக்கு எலெக்ட்ரானிக்ஸில் ஆழ்ந்த பயிற்சி கிடையாது. மனநல டாக்டர். வேலை நேரம் முடிந்த பிறகு, யாருக்கும் சொல்லாமல், தனியாக இந்த வேலை. ஆஸ்பத்திரியில் உடன் வேலை பார்த்தவர்களுக்கே அவர் என்ன செய்கிறார் என்று சரியாகத் தெரியாது. நிமிஷம் பிசகாத, சிரிக்காத, கறாரான மேலதிகாரி என்றுதான் அவர்களுக்கு அவரைத் தெரியும்.

நோயாளிகள் போக அவருக்குக் கிடைத்த ஆள் யார் தெரியுமா? சொந்த மகன் கிளாவுஸ். பதினைந்து பதினாறு வயசுப் பையனை உட்கார வைத்து எழுபதுக்கும் மேற்பட்ட பதிவுகள் எடுத்திருக்கிறார். மூளை அலை என்று இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் போடுகிற அந்தப் பழைய படம் அவன் தலையிலிருந்து வந்ததுதான். மேலே மகனின் மூளை அலை, கீழே நேரம் காட்டுவதற்காக 10 ஹெர்ட்ஸ் அலை. இரண்டையும் அக்கம்பக்கம் வைத்துப் பார்த்தால் மகனின் மூளையும் ஏறத்தாழ அதே பத்தில்தான் ஆடுகிறது.

1929இல் கட்டுரை வெளிவந்தது. எலெக்ட்ரென்கெஃபாலோகிராம் என்று பெயர் வைத்தார். கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது வரும், நொடிக்குப் பத்து முறை ஆடும் அலைக்கு ஆல்பா என்றும், அதைவிடச் சிறிய வேகமான அலைக்கு பீட்டா என்றும் பெயர் கொடுத்தது அவர்தான். கண்ணைத் திறந்தால் ஆல்பா போய்விடும். மகள் இல்ஸேயிடம் மனக்கணக்கு ஒன்றைக் கொடுத்தார். கணக்குப் போடும் நேரத்தில் ஆல்பா மறைந்தது. மூளை சும்மா இருக்கும்போது ஒழுங்காக ஆடுகிறது, வேலை செய்யும்போது ஒழுங்கு கலைகிறது! நாம் எதிர்பார்ப்பதற்கு நேர் தலைகீழ் இல்லையா?

உலகம் கண்டுகொள்ளவில்லை. ஜெர்மனியிலேயே பலர் இது ஏதோ கருவிக் கோளாறு என்று ஒதுக்கினார்கள். ஐந்து வருஷம் கழித்து, 1934இல், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் அட்ரியன், மேத்யூஸ் என்ற இரண்டு பேர் இதைச் சரிபார்க்க உட்கார்ந்தார்கள். அட்ரியன் அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் நோபல் பரிசு வாங்கியவர். தன் தலையிலேயே ஒயர் ஒட்டிப் பார்த்தார். பத்து ஹெர்ட்ஸ் அலை பளிச்சென்று வந்தது. கூட்டம் கூட்டி எல்லார் முன்னாடியும் காட்டினார். அதற்குப் பெர்கரின் பெயரையே வைத்து அழைத்தார். அதன்பிறகுதான் யேனா என்ற ஊர் எங்கே இருக்கிறது என்று எல்லோரும் வரைபடத்தில் தேடினார்கள்.

மறு வருஷமே அமெரிக்காவின் பாஸ்டனில் கிப்ஸ், டேவிஸ், லென்னாக்ஸ் ஆகியோர் ஒருவகை வலிப்பு வரும்போது நொடிக்கு மூன்று முறை கூர்மையும் அலையுமாக வருவதைப் பிடித்தார்கள். என் தம்பி போன்றவர்களுக்குப் பேயும் இல்லை பிசாசும் இல்லை, இது மின்சாரக் கோளாறு என்று தாளில் எழுதிக் காட்டிய வருஷம் அது.

அடுத்து தூக்கத்துக்கு வருகிறேன். தூக்கத்திலும் மயக்க மருந்திலும் அலை மாறுகிறது என்று பெர்கரே குறித்திருக்கிறார். ஆனால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பதிவு செய்தவர் நியூயார்க் பக்கத்தில் டக்ஸிடோ பார்க் என்ற இடத்தில் இருந்த ஆல்ஃபிரெட் லூமிஸ். பெரிய பணக்காரர். தன் மாளிகையிலேயே ஆராய்ச்சிக்கூடம் வைத்து, எட்டு அடி நீள டிரம்மில் தாளைச் சுற்றி, தூங்குகிறவர்களின் மூளையை எழுத வைத்தார். தூக்கம் ஒரே மாதிரி இல்லை, படிப்படியாக இறங்குகிறது என்று அவர் குழு 1930களின் நடுவில் சொன்னது. கடைசிப் படியில் பெரிய, மந்தமான அலை. நொடிக்கு ஒன்று, இரண்டு. டெல்டா என்பார்கள். தம்பிக்கு நான் பார்த்தது அதைத்தான்.

அந்த அலை எப்படி உண்டாகிறது? இதற்குக் கணக்குப் போட்டு மாதிரி செய்து பார்க்கும் வேலையும் பெர்கர் ஊரிலேயே ஆரம்பித்துவிட்டது. 1932இல் டீட்ஷ் என்பவர் பெர்கரின் கோடுகளை எடுத்து, கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், ஃபூரியர் முறையில் பிரித்துப் பார்த்தார். மேக்ஸில் ஃபூரியர் வரும்போது இது எதுக்குடா நமக்கு என்று கடைசி பெஞ்சில் நாம் கேட்டோமே, இதுக்குத்தான். 1952இல் ஹாட்கின், ஹக்ஸ்லி இருவரும் ஒரு நரம்பு செல்லை சர்க்கியூட்டாகவே எழுதிவிட்டார்கள். செல்லின் தோல் ஒரு கெப்பாசிட்டர். உப்புகள் போய்வரும் துவாரங்கள் மாறிக்கொண்டே இருக்கும் ரெசிஸ்டர். உள்ளேயும் வெளியேயும் உப்பின் அளவு வேறுபடுவது பேட்டரி. ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணக்கு மெஷினை வைத்தே அந்தச் சமன்பாடுகளைத் தீர்த்தார்.

1993இல் கனடாவில் ஸ்டெரியாடே என்பவர், ஆழ்ந்த தூக்கத்தில் மூளை செல்கள் நொடிக்கு ஒரு முறைக்கும் குறைவாக, எல்லாம் சேர்ந்து அடங்கி, எல்லாம் சேர்ந்து எழும்புவதைக் கண்டார். இதைக் கம்ப்யூட்டரில் மாதிரியாகச் செய்து பஷெனாவ், செய்னாவ்ஸ்கி ஆகியோர் அவரோடு சேர்ந்து 2002இல் வெளியிட்டார்கள். 2005இல் ஹில், டோனோனி இருவரும் இன்னும் பெரிய மாதிரி ஒன்றைச் செய்தார்கள். நான் புரிந்துகொண்ட வரை சொல்கிறேன். நம் 555 டைமர் அஸ்டேபிள் சர்க்கியூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கெப்பாசிட்டர் மெதுவாக சார்ஜ் ஆகும், ஒரு அளவு தாண்டியதும் நிலை மாறும், பிறகு டிஸ்சார்ஜ். ஆழ்ந்த தூக்கத்தில் முதலில் எல்லா செல்லும் கப்சிப். ஆனால் செல்லுக்கும் செல்லுக்கும் உள்ள இணைப்புகளில் தானாகச் சின்னச் சின்னத் துளிகள் கசிந்துகொண்டே இருக்கும். தற்செயலாக ஒரு செல்லில் துளிகள் நிறையச் சேர்ந்துவிட்டால் அது வெடிக்கும். பக்கத்து செல்லை எழுப்பும், அது அடுத்ததை. வகுப்பில் ஒருத்தன் சிரிக்க ஆரம்பித்து முழு வகுப்பும் சிரிக்கிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் இணைப்புகள் களைத்து, பொட்டாசியம் வெளியே ஓடி, எல்லாம் மறுபடி கப்சிப். கம்ப்யூட்டர் மாதிரியில் பொட்டாசியம் கசிவைக் குறைத்தால் மூளை முழித்துக்கொள்கிறது, கூட்டினால் தூங்கிவிடுகிறது. வால்யூம் கன்ட்ரோல் மாதிரி! விழித்திருக்கும்போது அந்தத் துவாரத்தை அடைத்து வைப்பது அசிட்டைல்கோலின் போன்ற ரசாயனங்கள். பல லட்சம் செல்கள் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதால்தான் மண்டை ஓட்டைத் தாண்டியும் அலை அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

பெர்கர் கதையை நடுவில் விட்டுவிட்டேன். 1937இல் பாரிஸ் மாநாட்டுக்கு அழைத்துக் கௌரவித்தார்கள். 1938இல் 65 வயதில் ஓய்வு பெற்றார். 1941 ஜூன் 1ஆம் தேதி, கடும் மனச்சோர்வில், தான் அத்தனை காலம் வேலை பார்த்த யேனா ஆஸ்பத்திரியிலேயே தூக்கு மாட்டிக்கொண்டார். ஆயிரம் பேரின் மனநோய்க்கு மருந்து கொடுத்தவர்.

இந்தக் கட்டுரையை முதலில் எழுதி முடித்தபோது, ஹிட்லர் ஆட்களை எதிர்த்ததால் அவரை வேலையை விட்டு விரட்டினார்கள், அந்தத் துக்கத்தில் இறந்தார் என்று எழுதியிருந்தேன். பழைய புத்தகங்களில் அப்படித்தான் இருக்கிறது. படிக்கவும் நன்றாக இருந்தது. பிறகு நூலகத்தில் இன்னும் தேடியபோது அது உண்மையில்லை என்று தெரிந்தது. யேனாவின் பழைய ஆவணங்களைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள் வேறு விஷயத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 1933இல் ஹிட்லர் அரசு ஒரு சட்டம் போட்டது. பரம்பரை நோய் இருப்பதாக முடிவு செய்யப்பட்டவர்களுக்கு, அவர்கள் விரும்பாவிட்டாலும், குழந்தை பிறக்காதபடி ஆபரேஷன் செய்யலாம் என்ற சட்டம். சுமார் 4 லட்சம் பேருக்கு அப்படிச் செய்துவிட்டார்கள். வேண்டாம் என்று மேல்முறையீடு செய்கிறவர்களின் வழக்கைக் கேட்க யேனாவில் ஒரு கோர்ட் இருந்தது. அதில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னவர்களில் பெர்கரும் ஒருவர். ஓய்வு பெற்ற பிறகு, 1941இல் மறுபடி வரச் சொல்லிக் கேட்டபோதும் சம்மதித்திருக்கிறார்.

அந்தச் சட்டத்தில் நோய்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் வலிப்பு இருக்கிறது.

இதைப் படித்த அன்று ஹாஸ்டலில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாருடைய மெஷினால் என் தம்பிக்கு என்ன வியாதி என்று தெரிந்ததோ, அவர் முன்னால் என் தம்பியை நிறுத்தியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? ஐந்து வருஷம் ஒரு கோடு மூளையிலிருந்து வந்ததா தோலிலிருந்து வந்ததா என்று சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு சோதித்த மனிதர், ஒரு மனுஷனின் வாழ்க்கையை முடிவு செய்யும் பேப்பரில் எப்படி அந்தச் சந்தேகம் இல்லாமல் கையெழுத்துப் போட்டார்? கட்டுரையையே கிழித்துப்போட்டு ராமனை எழுதிவிடலாமா என்றும் நினைத்தேன். நண்பன் ஒருவன்தான், நீ கண்டதை அப்படியே எழுது, மறைச்சு எழுதினா நீயும் அந்தப் பழைய புத்தகம் மாதிரிதான் என்று திட்டினான். அதனால் இரண்டையும் எழுதிவிட்டேன்.

தம்பி இப்போது பத்தாவது படிக்கிறான். மாத்திரை ஒரு வேளையும் தவறவிடுவதில்லை, ஒன்றரை வருஷமாக வலிப்பு வரவில்லை. அன்றைக்கு எடுத்த இ.இ.ஜி. தாள்களை அம்மா ரேஷன் கார்டோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறாள். போன லீவுக்கு ஊருக்குப் போனபோது எடுத்துப் பார்த்தேன். நாலாவது தாளில் அலை பெரிதாகிறது. ஸ்கேல் வைத்து அளந்தேன். ஒரு நொடிக்கு ஒன்றரை அலை. அம்மாவிடம் காட்டி, இந்த இடத்தில்தான் இவன் நல்லா தூங்கியிருக்கான்ம்மா என்றேன். ராத்திரி பூரா நம்மளை முழிக்க வெச்சுட்டு இவன் மட்டும் தூங்கினானா என்று சொல்லி, தாளை வாங்கி மடித்து மறுபடி பெட்டியில் வைத்தாள்.